மொட்டைத் தேரியால் ஒரு பயனும் இல்லை

மே 14, புதன்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து போட்டதை எழுதி வைக்கச் சொல்லி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். மகள் ஷெரினுக்கு அவள் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் ஹோட்டலில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

காலையில் போட்டேன். மதியம் போட்டேன். சாயங்காலம் போட வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்று அடம். புயலில் தனியாகப் போய்த் திரும்பிய எஸ்தாக்கி என்று ஊரே சொல்லும். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இந்தப் பயம்.

டாக்டர் கடலுக்குப் போகக் கூடாது என்றார், குனியக் கூடாது என்றார், தூசி படவே கூடாது என்றார். முதல் இரண்டுக்கும் நான் பொறுப்பு. மூன்றாவதற்கு மாதாதான் பொறுப்பு. எங்கள் ஊர் கீழத்தலைக்கு முன்னால் கடல், பின்னால் மணல்மேடுகளாகத் தேரிக்காடு. மேல்காற்று ஆரம்பித்துவிட்டால் அந்தச் சிவப்பு மணல் சோற்றிலும் இருக்கும், பாயிலும் இருக்கும், கோயிலில் வாங்கும் நற்கருணையிலும் இருக்கும்.

மே 17, சனி

மருந்து போட்டேன்.

ரிசார்ட் கம்பெனியிலிருந்து கணக்கெடுக்க இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். வெயிலில் முகம் சிவந்துபோய் வந்தார்கள், பாவமாக இருந்தது. நாற்காலி போட்டு மோர் கொடுத்தேன். ஊருக்குப் பின்னால் மொட்டைத் தேரி இருக்கும் இடத்தில்தான் ரிசார்ட் வரப்போகிறது. தேரிகளிலேயே உயரமானது அது. அடிவாரத்தில் உடைமரமும் பனையும் மணலைப் பிடித்து வைத்திருக்கும், உச்சியில் ஒரு புல்கூடக் கிடையாது. அதனால் அந்தப் பெயர்.

"ஐயா, அந்த மணல்மேட்டை உங்க குடும்பம் எதுக்காவது பயன்படுத்துறீங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

இவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மொட்டத்தேரியா? அதால ஒரு பயனும் இல்லம்மா."

"ஆடு மேய்க்க, விறகு எடுக்க, எதுக்குமே?"

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்குறது இல்ல."

பதில் கொஞ்சம் வேகமாக வந்ததாக எனக்குப் பட்டது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். சிலுவை அண்ணன் சத்தமாகப் பேசுகிறவர், சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. "அது வெறும் மண்ணு தாயி. அத வச்சு நாங்க என்ன செய்யப் போறோம்?" என்றார்.

மே 21, புதன்

காலை மருந்து போட்டேன். மதியம் மறந்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

ஷெரின் போன் பண்ணினாள். ரிசார்ட்டில் வரவேற்பு மேசைக்கு அவளைக் கேட்டிருக்கிறார்களாம். அவள் படித்த படிப்பு, பார்க்கும் வேலை, அதோடு இந்த ஊர்ப்பெண். எல்லாம் பொருந்திவிட்டதாம். "யம்மா, வீட்லருந்தே வேலைக்குப் போலாம்மா" என்றாள்.

கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்து போகிறாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், பை அவிழ்க்குமுன் கிளம்பிவிடுவாள். நான் போனை வைத்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு அவள் அறையைக் கழுவிவிட்டேன்.

இவரிடம் சொன்னபோது, "நல்லதுதானட்டி" என்றார். அவ்வளவுதான். மகள் பேரைச் சொன்னாலே பல் தெரிகிற ஆள். கண் உறுத்துகிறதோ என்னவோ.

மே 24, சனி

மேல்காற்று வந்துவிட்டது. அவர் முகத்தைச் சுற்றி என் பழைய சேலைத் துண்டைக் கட்டினேன். திருடன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மருந்து போட்டேன்.

மே 29, வியாழன்

கடற்கரைக்கு ஒருநடை போய்வருகிறேன் என்று குழந்தை மாதிரி நச்சரித்தார். காற்று தணிந்த நேரம் பார்த்துக் கூட்டிப்போனேன்.

கரையில் எங்கள் வள்ளம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அதைத் தட்டிக் கொடுத்தார். நாங்கள் வழக்கமாகத் திரும்பும் பாதையில் கம்பெனிக்காரர்கள் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள், அதனால் சுற்றிக்கொண்டு வந்தோம். அங்கே பெரிய போர்டு ஒன்று. நீச்சல் குளம், வரிசையாகக் குடில்கள், குடைக்கு அடியில் படுத்திருக்கும் வெள்ளைக்காரி. படம் அழகாகத்தான் இருக்கிறது. நம் ஊர் என்று சொன்னால் நம்ப முடியாது.

"இதுல மொட்டத்தேரி எங்கட்டி?" என்று கேட்டார்.

"அத வெட்டி நிரத்திருவாங்களாம். கார் நிறுத்துத எடம் அங்கனதான் வருது, பாருங்க."

"முழுசாவா?"

"பின்ன பாதியவா நிரத்துவாங்க?"

திரும்பி வரும் வழியில் கித்தேரி குடத்தோடு எதிரே வந்தாள். சிலுவை அண்ணன் பெண்சாதி. தேரி அடிவாரத்து ஊற்றுக்குப் போக இப்போது இரண்டு மடங்கு தூரமாம். கம்பெனியைத் திட்டினாள், பஞ்சாயத்தைத் திட்டினாள், கடைசியில் காற்றையும் திட்டினாள். என் மகளுக்கு வேலை கிடைத்த கதையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

இரவு அவர் சாப்பிடவில்லை. கேட்டால் தலைவலி என்கிறார். மருந்து மட்டும் சண்டை இல்லாமல் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 2, திங்கள்

ஷெரின் வந்துவிட்டாள்!

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கும்போதே "யம்மா பசிக்கி" என்றாள். கணவாய்த் தொக்கு, விளமீன் குழம்பு, முருங்கைக்கீரை. விளமீன் விலைக்கு வாங்கினேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் விளமீனைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. அவர் தூண்டில்காரர், தூண்டில்காரர்களிலும் விளமீனுக்குப் பேர்போனவர். கடலுக்கு அடியில் ஒரு பார் இருக்கிறது, அந்தப் பாறையில்தான் அந்த மீன் அடையும். அவர் அப்பா காட்டிக்கொடுத்தது. அது எங்கே என்று எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது.

கடலில் நின்றுகொண்டு கரையைப் பார்த்துத்தான் பாரைக் கண்டுபிடிப்பார்கள். பின்னால் உயரமாக ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று, இரண்டும் ஒரே நேரில் வந்தால் அந்தக் கோட்டில் பார் கிடக்கும். இதைக் குறி என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பார், ஒரு குறி. பெண்சாதியிடம்கூடச் சொல்வதில்லை. முதலிரவிலேயே கேட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார். இன்றுவரைக்கும் அதே சிரிப்புத்தான்.

மருந்தை இனி ஷெரின் போடுகிறாளாம். அவள் போட்டால் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

அடுத்த வாரம் மாதா மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு அதிகாரிகள் எழுதிக்கொண்டு போவார்கள். அதை வைத்துத்தான் அனுமதி. கம்பெனியின் அறிக்கையை ஷெரின்தான் தமிழில் வாசிக்கப் போகிறாள். மேனேஜரே கேட்டுக்கொண்டாராம். நல்ல மனிதர் என்கிறாள், ஊருக்கு நல்லது செய்ய நினைக்கிறவர் என்கிறாள். இருக்கலாம்.

கூடத்தில் நின்று வாசித்துப் பழகினாள். மணியான குரல். நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன்.

"வீடுவீடாக நடத்திய ஆய்வில், மேற்படி மணல்மேட்டால் உள்ளூர் மக்களுக்கு எந்தப் பயன்பாடும் இல்லை என்று அனைவரும் ஒருமனதாகத் தெரிவித்துள்ளனர்."

"அந்த வரிய இன்னொருக்க வாசி மக்களே" என்றார் இவர்.

வாசித்தாள்.

"அனைவருமா?"

"ஆமாப்பா. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. நீங்களும் அப்படித்தான சொன்னிய?"

அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். காயப்போட்ட துணியை எடுக்க நானும் பின்னால் போனேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நல்ல கண்ணையும் புதுக் கண்ணையும் மாற்றி மாற்றி மூடி, மொட்டைத் தேரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை என்று சொன்ன மனிதர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழத்தலைக்குப் பின்னால் உயரமாக இருப்பது வேறு என்ன? நடுக்கடலிலிருந்து பார்த்தால் வேறு எது தெரியும்?

அவர் திரும்பினார். நான் துணியோடு நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தேரி போனால் பார் போயிற்று. பார் போனால் தூண்டிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். கீழே மகள் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

"டீ போடவா?" என்று கேட்டேன்.

"போடு" என்றார்.

ஜூன் 9, திங்கள்

தோசை, தக்காளிச் சட்னி. ஷெரின் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். மருந்து அவள் போட்டாள்.

ஜூன் 11, புதன்

எழுத நிறைய இருக்கிறது. ஒழுங்காக வருமா தெரியவில்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பூசையில் உட்காருவது மாதிரியே. மேடையில் ஒரு அதிகாரி அம்மா, கம்பெனி மேனேஜர், பங்குச் சாமியார், இன்னும் இரண்டு பேர். ஷெரின் நான் கட்டிவிட்ட நீலச் சேலையில் மைக் முன்னால் நின்று வாசித்தாள். எத்தனை பேருக்கு வேலை, ஊருக்கு என்னென்ன வசதி, எல்லாம் திணறாமல் வாசித்தாள். கித்தேரியே என் இடுப்பில் இடித்து, "பிள்ள நல்லா வாசிக்காட்டி" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வரி வந்ததும் பெருமை போய்விட்டது.

"யாராவது கருத்துச் சொல்றீங்களா?" என்று அதிகாரி அம்மா கேட்டார்.

ஆண்கள் பக்கம் யாரும் கையைத் தூக்கவில்லை. ஒவ்வொருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இத்தனை பேர் தரையைப் பார்க்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இவர் எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அம்மா, நான் எஸ்தாக்கி. இப்ப வாசிச்சது எம் மவ. நல்லா வாசிச்சா. இந்தக் கம்பெனி வந்தா அவ எங்ககூட இருப்பா. அவ அம்ம ரூமு எல்லாம் கழுவிப் போட்டிருக்கா. எனக்கும் ஆசைதான்."

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சேலைத் தலைப்பைப் பார்த்தேன்.

"ஆனா அதுல ஒரு வரி பொய்யி. கம்பெனிக்காரங்க மேல குத்தம் இல்ல. பொய் சொன்னது நாந்தான். வீட்டுக்கு வந்து கேட்ட பிள்ளையகிட்ட மொட்டத்தேரியால பயன் இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா ஊர்ல எல்லாவனும் எம் பாருக்கு வந்துருவானுவளே!"

சிலர் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. "அந்தத் தேரிதான் என் குறி. எங்கய்யா காட்டினது. கடல்ல நின்னு அத வச்சுத்தான் இத்தன வருசமும் பாரக் கண்டுபிடிச்சேன். பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னது இல்ல. இன்னைக்கு மைக்ல சொல்லுதேன். அது போயிட்டுன்னா நான் குருடன். கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ணியும் குருடன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

உட்காரப் போனார். அதற்குள் சிலுவை அண்ணன் நாற்காலி சாய எழுந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "எலேய் எஸ்தாக்கி! அது எங்கப்பன் கண்ட குறிலே! சாவக் கெடக்கும்போது யாருக்கும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டுல்லா கண்ண மூடினாரு!"

"உங்கப்பனா?" என்று பின்வரிசையிலிருந்து இன்னொரு தூண்டில்காரர் லீனுஸ் எழுந்தார். "மொட்டத்தேரி எங்க வீட்டுக் குறிய்யா!"

அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். எனக்கும் அதான், எங்க தாத்தாவுக்கும் அதான், நீயுமா, நீயுமாலே! ஊரிலுள்ள தூண்டில்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரே தேரிதான் குறி. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து, மற்றவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருமனதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சண்டை வரும்போல இருந்தது. பிறகு யாரோ சிரித்தார்கள், சிலுவை அண்ணனே சிரித்தார். பெண்கள் பக்கம் நாங்கள் சிரித்த சிரிப்பில் சாமியார் மைக்கைத் தட்ட வேண்டியதாயிற்று.

மேனேஜர் பொறுமையாக எழுந்து, இப்போதெல்லாம் ஜிபிஎஸ் கருவி இருக்கிறதே, அதில் இடத்தைக் குறித்துக்கொள்ளலாமே என்றார். நியாயமான கேள்விதான்.

"பெரிய போட்டுக்காரன்கிட்ட இருக்கு சார்" என்றார் லீனுஸ். "என் வள்ளத்துல ஒரு வருசம் வச்சிருந்தேன். உப்புத்தண்ணி பட்டு அணைஞ்சு போச்சு. அன்னைக்கு மூடுபனி வேற. பனிக்கு மேல தெரிஞ்ச தேரி உச்சியப் பாத்துத்தான் வீடு வந்து சேந்தேன்."

ஆண்கள் பேசி முடிக்கும்வரை கித்தேரி காத்திருக்கவில்லை. "குறி கெடக்கட்டும். குடிதண்ணிக்கு என்ன சொல்லுதிய?" என்று எழுந்தாள். "மழைத்தண்ணி அந்தத் தேரிக்குள்ளதான் எறங்குது. அதான் கடலுக்குப் பக்கத்துலயும் ஊத்து இனிக்கி. தேரிய நிரத்திட்டு, நீச்சல் குளத்துக்குப் போர்வெல்லும் போட்டா, நாங்க கடல்தண்ணியவா குடிக்க? எங்ககிட்ட எந்தப் பிள்ளையும் வந்து கேக்கலியே. வீட்டுக்காரரத்தான கேட்டாவ!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அதிகாரி அம்மா ஷெரினைப் பார்த்து, "அந்த வரியை எடுத்துட்டு, இவங்க சொன்னதை அறிக்கையில சேர்க்கணும். இனிமே மறுபடியும் ஆய்வு பண்ணின பிறகுதான் அனுமதி. அதுவரைக்கும் மேட்டுல கைவைக்கக் கூடாது" என்றார்.

ஷெரின் மேனேஜரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன முகம் காட்டினேன் என்று எனக்கே தெரியாது. என் மகள் வீட்டிலிருக்க வேண்டும் என்று உலகத்தில் வேறு எதற்கும் ஆசைப்படாத அளவுக்கு ஆசைப்பட்டேன். இதை இங்கே எழுதிவிடுகிறேன். ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்ற நிலையைப் பார்த்தபோது, கல்யாணத்தன்று கோயிலில் பார்த்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவள் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தாள். பிறகு மைக்கில், எல்லாருக்கும் கேட்க, "யப்பா, என்ன எழுதணும், சொல்லுங்க" என்றாள்.

இவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிலுவை அண்ணன்தான் சொன்னார். எல்லாருமாகச் சொன்னார்கள்.

ஜூன் 12, வியாழன்

கண்ணில் தூசி விழுந்து சிவந்திருக்கிறது. நன்றாகத் திட்டினேன். ஷெரின் மருந்து போட்டாள்.

மேனேஜர் அவளுக்குப் போன் பண்ணினார். கோபமில்லாமல்தான் பேசினாராம். கட்டடம் எப்போது தொடங்கும், எங்கே வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம், அதுவரை வேலையும் இல்லையாம். ஹோட்டலில் இவள் சொன்னது லீவு மட்டும்தான். அதனால் பழைய வேலை இருக்கிறது.

"உங்கப்பா மேல வருத்தமாட்டி?" என்று கேட்டேன்.

"வருத்தந்தான்மா" என்றாள். கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தாள். "ஆனா அவரு எந்திரிக்காம இருந்திருந்தா, அந்த டேபிள்ல உக்காந்து தெனமும் நான் எதப் பாத்துட்டு இருந்திருப்பேன், கார் நிறுத்துத எடத்தையா?"

ஜூன் 16, திங்கள்

ஷெரின் போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவர்தான் பையைத் தூக்கி வந்தார். குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்றால் கேட்கிற ஆளா? பஸ் புறப்படும் நேரம் ஜன்னலருகே போய் அவள் காதில் ஏதோ சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஜன்னல் கம்பி வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசிலடித்தார்.

பத்திரமாகப் போ என்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து அவள் அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். மருந்து நான் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அடம்.

ஜூன் 23, திங்கள்

டாக்டர் சரி என்றுவிட்டார். விடியலில் கடலுக்குப் போனார். நானும் கரைவரைக்கும் போனேன். எல்லா வள்ளங்களும் ஒரே நேரத்தில் இறங்கின. மொட்டைத் தேரியைக் காட்டி ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே தள்ளினார்கள். அவரவர் பாரை நோக்கி அவரவர் பிரிந்து போனார்கள்.

மதியத்துக்குள் விளமீனோடு வந்தார். புதுக் கண்ணில் தேரி உச்சி பளிச்சென்று தெரிகிறதாம், இத்தனை வருஷமும் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று பெருமை.

மீனைக் கழுவிக்கொண்டே கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சு போச்சே, இனி எல்லாரும் உங்க பாருக்கு வரமாட்டாவளா?"

"எப்படி வருவான்? பின்னால தேரி. முன்னால என்னன்னு நான் சொன்னேனா? யாருஞ் சொல்லலியே."

அட! அத்தனை பேரும் மைக்கில் சொன்னது பாதிதானா?

"எங்கிட்டயாவது சொல்லுங்க. முன்னால என்ன?"

அதே சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதச் சொல்ல வேண்டிய ஆளுகிட்டச் சொல்லியாச்சு. பஸ் ஸ்டாண்டுல" என்றார்.

தூண்டில் பிடிக்கவே தெரியாத பிள்ளை, கோயம்புத்தூரில் ஹோட்டல் மேசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. அவளிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. பொறாமையைவிட அதிகமாக வேறு ஒன்றும் வந்தது, மீனைப் போட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு அவளுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, மெதுவாக, "உங்கப்பா என்னட்டி சொன்னாரு, முன்னால என்னவாம்?" என்றேன்.

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "யம்மா, அது வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றாள் என் மகள்.